தொலைநிலை நிருவாகமும் காவற்பூதமும்: யுனிக்ஸ் பின்னணிப் பணியம் பற்றிய ஒரு நோக்கு

நூலொன்று நிலைபெறுதற்கு எழுதுவோரும் படிப்போரும் மட்டும் போதார், காப்போரும் வேண்டும். ஏட்டுச்சுவடிக் காலத்திலே காப்போர் சுவடியிருந்த வீட்டிலேயே வாழ்ந்தனர். அச்சுக் காலத்திலே அப்பொறுப்பு நூலகங்களைச் சார்ந்தது. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானபோது, ஓரிடத்தில் மட்டுமே வைத்துக் காக்கப்படும் அறிவுச் செல்வத்தின் நொய்மையை எமது சமூகம் நேரிற் கண்டது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005 இல் ஈழத்து ஆவணங்களைத் திரட்டத் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகமும் ஒரு புதிய நிலைமையைத் தோற்றுவித்தன. காக்கப்படும் ஆவணம் ஒரு கண்டத்திலும் காப்பவர் மற்றொரு கண்டத்திலும் இருத்தல் இன்று இயல்பாயிற்று.

இவ்விடைவெளியை இணைப்பது ஒரு சிறிய நிரலாகும். தொலைவிலுள்ள கணினியிலே ஓயாது விழித்திருந்து, நிருவாகியின் வருகையை எதிர்பார்த்து நிற்கும் பின்னணிப் பணியம் அது. 'எஸ்.எஸ்.எச்.' என வழங்கும் பாதுகாப்பான தொடர்பு முறைக்குரிய அப்பணியம் எவ்வாறு இயங்குகின்றது, அதனை எவ்வாறு ஒழுங்கமைத்தல் வேண்டும், அவ்வொழுங்கமைப்பினுள் மறைந்திருக்கும் சமூக வினா யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளக்கத்தின் பொருட்டு மருதனார்மடத்தை எமது நிலைக்களனாகக் கொள்வோம். காங்கேசன்துறை வீதியிலமைந்த இவ்வூரிலே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் நிறுவிய மகளிர் கல்லூரியும், 1975 இல் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்ட இராமநாதன் நுண்கலைக் கழகத்தின் வழிவந்த கல்வி நிலையமும் உள்ளன. இங்கு இசை பயிற்றும் ஆசிரியர் ஒருவர், நாதஸ்வர ஒலிப்பதிவுகள் பலவற்றை ஐரோப்பாவிலுள்ள வாடகைச் சேவையகம் ஒன்றிலே சேமித்து, அதனை இங்கிருந்தவாறே பராமரிக்கின்றார் எனக் கற்பனை செய்வோம். அவர் அந்த இயந்திரத்தைக் கண்டதில்லை, காணப்போவதுமில்லை. அவருக்கு அதனோடுள்ள உறவு முழுவதும் ஒரு வாயிலின் வழியானது.

1. பூதம் எனும் பெயர்

யுனிக்ஸ் பணிசெயல் முறைமை 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோரின் முயற்சியால் உருப்பெறத் தொடங்கியது. எனினும் பின்னணிப் பணியத்தைக் குறிக்க அங்கு வழங்கும் 'டீமன்' எனும் சொல் அதனினும் பழையது. 1963 இல் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் நடைபெற்ற கணினித் திட்டமொன்றிலே அது தோன்றியது. பௌதிகவியலறிஞர் மக்ஸ்வெல் கற்பனை செய்த பூதமே அதற்கு மூலமாகும். இரு அறைகளுக்கிடையேயுள்ள சிறு கதவருகே நின்று, விரைந்து வரும் மூலக்கூற்றை ஒருபுறமும் மெல்ல வருவதை மறுபுறமும் பிரித்துவிடும் வாயில்காப்போன் அப்பூதம்.

தமிழ் மரபிலும் இதற்கு இணையுண்டு. புகார் நகரின் நாற்சந்தியிலே நின்று, பொய்த்தவ வேடத்தாரையும் பொய்ச்சான்று கூறுவோரையும் பற்றித் தண்டித்த சதுக்கப்பூதத்தைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. யாவரும் வந்து செல்லும் பொதுவிடத்திலே நின்று மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவது அதன் தொழில். எமது பணியத்தின் தொழிலும் அதுவே. எனவே அதனைக் 'காவற்பூதம்' என வழங்குதல் பொருத்தமாகும்.

காவற்பூதம் தோன்றும் முறை எளிது. கணினி விழித்தெழும்போது இயங்கும் முதலாவது செயன்முறை அதனைத் தோற்றுவிக்கும். அதற்குத் திரையுமில்லை, விசைப்பலகையுமில்லை. தனது ஒழுங்கமைப்புக் கோப்பை ஒருமுறை வாசித்து, 22 ஆம் இலக்கத் துறையிலே காதூன்றி நிற்கும். எவரேனும் வரின் தன்னைப் போன்ற வேறொரு செயன்முறையைப் பிறப்பித்து அவரிடம் அனுப்பிவிட்டு, தான் மீண்டும் வாயிலுக்குத் திரும்பும். தாய்ப்பூதம் ஒன்று, விருந்தினருக்கு ஒன்றாகச் சேய்ப்பூதங்கள் பல எனும் இவ்வமைப்பைப் பின்னர் மீண்டும் நோக்குவாம்.

2. திறந்த வாயிலும் மறைந்த பேச்சும்

தொலைவிலிருந்து கணினியை இயக்கும் விருப்பம் வலையமைப்போடு உடன்பிறந்தது. 'ரெல்நெற்' எனும் முறை 1969 முதல் உருவாகியது. 1983 இல் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸ் வடிவத்தோடு 'ஆர்லொகின்' எனும் முறை பரவியது. முன்னது கடவுச்சொல்லை மறைப்பின்றி அனுப்பியது. பின்னதோ வருகின்ற கணினியின் முகவரியை நம்பியே கதவைத் திறந்தது. ஆய்வாளர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்த சிறு சமுதாயத்துக்கு இவை போதுமானவையாயிருந்தன. அச்சமுதாயம் விரிந்தபோது நிலைமை மாறிற்று. 1988 நவம்பர் 2 ஆம் நாள் பரவத் தொடங்கிய மொறிஸ் புழு, கணினிகளுக்கிடையே நிலவிய அந்த நம்பிக்கையையும் தனக்கு வழியாக்கிக் கொண்டது.

1995 இல் பின்லாந்தின் கெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பிலே கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்டுத் திருடப்பட்டன. அங்கு பணியாற்றிய தாத்து யூலோனென் என்பார் அதற்கு விடையாக எஸ்.எஸ்.எச். நிரலை ஆக்கினார். ரெல்நெற்றின் 23 ஆம் துறைக்கும் கோப்புப் பரிமாற்றத்தின் 21 ஆம் துறைக்கும் இடையே வெறுமையாயிருந்த 22 ஆம் இலக்கத்தை அவர் கேட்டுப் பெற்றார். முதலில் யாவர்க்கும் இலவசமாயிருந்த நிரல் படிப்படியாக வணிகப் பண்டமாயிற்று. அந்நிலையில், கட்டுப்பாடற்றிருந்த பழைய பதிப்பொன்றை எடுத்து 'ஓப்பின் பி.எஸ்.டி.' குழுவினர் 1999 இல் 'ஓப்பின் எஸ்.எஸ்.எச்.' எனப் பொதுவுடைமையாக வளர்த்தனர். உலகின் பெரும்பாலான யுனிக்ஸ் வழிக் கணினிகளின் வாயிலிலே இன்று நிற்பது இதுவே. கூட்டுழைப்பின் விளைபொருள் தனியுடைமையாவதும், அதனை மீட்டுப் பொதுவாக்க மீண்டும் கூட்டுழைப்பே வேண்டப்படுவதும் மென்பொருளுலகிலும் நிகழ்வன என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இம்முறையின் அடிப்படை இரண்டு. முதலாவது, ஒட்டுக்கேட்போர் நடுவிலேயே இருவர் ஓர் இரகசியத்தை உருவாக்கிக்கொள்ளுதல். டிபி, ஹெல்மன் ஆகியோர் 1976 இல் வெளியிட்ட கணித வழி அதற்கு உதவுகின்றது. இரண்டாவது, இரட்டைத் திறவுகோல். ஒன்று பொதுவானது, எவரும் காணலாம். மற்றையது அந்தரங்கமானது, உடையவரின் கணினியை விட்டு அகலாது. மருதனார்மடத்து ஆசிரியர் தமது பொதுத் திறவுகோலைச் சேவையகத்திலே பதித்து வைப்பார். காவற்பூதம் அவரது அந்தரங்கத் திறவுகோலைக் கேட்பதில்லை. அது அவரிடம் உண்டு என்பதற்கான ஒப்பத்தையே கேட்கும். எனவே வழியிலே திருடுவதற்கு எதுவுமில்லை.

3. ஒழுங்கமைப்புக் கோப்பு

காவற்பூதத்தின் இயல்பு முழுவதையும் ஒரு சிறு கோப்பு தீர்மானிக்கின்றது. ஒவ்வொரு வரியும் ஒரு சொல்லும் அதற்குரிய பெறுமானமுமாக அமையும். ஒரே சொல் இருமுறை வரின் முதலில் வந்ததே செல்லும் என்பது பலர் அறியாத விதி. இக்காலப் பதிப்புகள் சிலவற்றிலே கோப்பின் தலைப்பகுதியிலேயே வேறு சிறு கோப்புகள் சேர்க்கப்படுவதால், கீழே நாம் எழுதும் வரி பயனற்றுப் போதலும் உண்டு.

இன்றியமையாத விதிகள் சிலவே. முதலாவது, எல்லா அதிகாரமும் உடைய மூலப்பயனர் நேரே புகுதலைத் தடுத்தல். ஒவ்வொருவரும் தத்தம் பெயரிலே புகுந்து, தேவையான பொழுது மட்டும் அதிகாரம் பெறின், யார் எதைச் செய்தார் என்பது பதிவேட்டில் நிற்கும். இரண்டாவது, கடவுச்சொல் வழிப் புகுதலை மூடுதல். இணையத்தில் வெளிப்பட்டு நிற்கும் எந்த 22 ஆம் துறையையும் கடவுச்சொல்லை ஊகித்துத் தட்டிப்பார்க்கும் தானியங்கி நிரல்கள் இடைவிடாது நாடி வரும். கடவுச்சொல்லே இல்லாவிடத்து அவற்றின் உழைப்பு வீணாகும். இதற்கென உள்ள வரியை மாற்றுவது மட்டும் போதாது. விசைப்பலகை வழி வினாவிடையாகக் கடவுச்சொல் கேட்கும் பிறிதொரு வழியையும் மூடுதல் வேண்டும். மூன்றாவது, புகத்தக்க குழுவினரைப் பெயர் குறித்து வரையறுத்தல். துறையின் இலக்கத்தை மாற்றுவதால் வீண் தட்டல்கள் குறையலாமெனினும் அது பாதுகாப்பாகாது. வீட்டின் படலையை இடம்மாற்றுவது பூட்டுப் போடுவதற்கு ஈடாகுமா?

பொதுத் திறவுகோல் பதித்த கோப்பும் அதனைக் கொண்ட அடைவும் பிறர் எழுதத்தக்கனவாயிருப்பின், காவற்பூதம் அவற்றை நம்ப மறுத்துவிடும். திறவுகோல் சரியாயிருந்தும் கதவு திறக்காமைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். காரணத்தை அது வருவோரிடம் கூறாது. சேவையகத்தின் பதிவேட்டில் மட்டுமே எழுதி வைக்கும்.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் சங்கடப்படலையை இவ்விடத்து நினைவுகூரலாம். கூரையிட்ட அப்படலையின் கீழ் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறுவர். வீட்டினுட் புகுதல் வேறு. 2002 முதல் ஓப்பின் எஸ்.எஸ்.எச். இதனையொத்த பிரிவினையொன்றைக் கைக்கொள்கின்றது. அறிமுகமற்றவரோடு முதலிற் பேசுவது எவ்வித அதிகாரமுமற்ற சேய்ப்பூதம். அது ஏமாற்றப்படினும் வீடு பறிபோகாது. வருவோரை உபசரித்தலும் வீட்டைக் காத்தலும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பதை எம்மூதாதையர் கட்டடத்திலே கண்டனர். நிரலாக்குநர் நிரலிலே கண்டனர்.

4. நுனிக்கொம்பில் இருப்போர்

அருகிலுள்ள கணினியிலே தவறு நேரின் எழுந்து சென்று திருத்தலாம். தொலைவிலுள்ள கணினியிலோ, நாம் திருத்துகின்ற கதவே நாம் நிற்கின்ற இடமுமாகும். நுனிக்கொம்பில் இருந்து அடிமரம் வெட்டும் ஆபத்து இங்குண்டு. ஆகவே மாற்றங்களைச் செய்யும் ஒழுங்கு மாற்றங்களைப் போலவே முதன்மையானது.

முதலில், திறவுகோல் வழி புகமுடிகின்றதா எனச் சோதித்த பின்னரே கடவுச்சொல் வழியை மூடுதல் வேண்டும். அடுத்து, பழைய கோப்பின் பிரதியொன்றை வைத்துக்கொள்ளல் வேண்டும். புதிய கோப்பைச் செயற்படுத்துமுன் சோதனைக் கட்டளையால் எழுத்துப் பிழைகளைக் கண்டறியலாம். அது இலக்கணப் பிழையை மட்டுமே காட்டும், பொருட் பிழையைக் காட்டாது. ஆதலின் நடைமுறைக்கு வரப்போகும் பெறுமானங்கள் அனைத்தையும் பட்டியலிடும் மற்றைய கட்டளையையும் பயன்படுத்துதல் நன்று. பின்னர் கோப்பை மீள வாசிக்குமாறு காவற்பூதத்துக்குச் சைகை அனுப்பலாம். முன்னர் கூறிய தாய்ச் சேய் அமைப்பு இங்குப் பயன்படுகின்றது: தாய்ப்பூதம் புதிய விதிகளை ஏற்றபோதும், ஏற்கனவே நாமிருக்கும் அமர்வைச் சேய்ப்பூதம் தொடர்ந்து பேணும். அதனை மூடாது வைத்துக்கொண்டு, இரண்டாவது அமர்வால் புதிதாகப் புகுந்து பார்த்தல் வேண்டும். புகமுடியாவிடின் முதல் அமர்வு கைகொடுக்கும். பத்து நிமிடத்தில் பழைய கோப்பு தானே மீளும்படி நேரங்குறித்து வைத்து, வெற்றி கண்டபின் அதனை நீக்குவோரும் உளர்.

இவ்வெச்சரிக்கை எமது மண்ணில் மிகையன்று. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது ஆளும் பொருளும் குடாநாட்டுக்கு வருதல் அரிதாயிற்று. 2022 மார்ச் இறுதியிலே நாடளாவிய மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை நீண்டது. தொடர்பு எந்நேரமும் அறுபடலாம் என்பதை இங்கே விதிவிலக்காக அன்றி விதியாகவே கொள்ளுதல் தகும். நிமிடத்துக்கொருமுறை மறுமுனையை வினவி, மும்முறை விடையில்லாவிடின் அமர்வை முடிக்குமாறு காவற்பூதத்தைப் பணிக்கலாம். அமர்வு அறுந்தாலும் தொடங்கிய வேலை அறாதிருக்க, அதனை முனையத்திலிருந்து பிரித்து இயக்கும் 'ஸ்கிறீன்', 'ரிமக்ஸ்' ஆகிய நிரல்கள் உதவும்.

5. திறவுகோல் யாரிடம்?

இதுகாறும் கூறியவை தொழினுட்பம். இவற்றின் அடியிலுள்ள வினா வேறு. வாடகை இயந்திரம் பிறருடையது, ஆவணம் சமூகத்தினது, அதன்மீது செயலாற்றும் வல்லமையோ திறவுகோல் உடையவரிடத்தது. பொதுத் திறவுகோல்கள் பதித்த அச்சிறு கோப்பே அந்நூலகத்தின் உண்மையான உரிமைப் பத்திரமாகும். தன்னார்வத்தாற் கட்டியெழுப்பப்படும் முயற்சிகளிலே இத்திறவுகோல் பெரும்பாலும் ஒருவரிடமே தங்கிவிடுகின்றது. அவர் நோயுறலாம், புலம்பெயரலாம், சலிப்புற்று விலகலாம். அப்போது எரியூட்டுவோர் எவருமின்றியே ஒரு நூலகம் மூடப்பட்டுவிடும்.

2024 மார்ச் 29 ஆம் நாள் வெளிப்பட்ட நிகழ்ச்சி இதனை உலகளவிலே உணர்த்திற்று. 'எக்ஸ்.இசட்.' எனும் சிறு சுருக்கநிரலைப் பல ஆண்டுகள் பெரும்பாலும் தனியொருவராகவே பேணிவந்த தன்னார்வலர் களைப்புற்றிருந்தார். புனைபெயர் பூண்ட ஒருவர் ஈராண்டுக்கு மேலாக உதவிசெய்து அவரது நம்பிக்கையைப் பெற்று, ஈற்றில் அந்நிரலுள் ஒரு கள்ளவாயிலைப் புதைத்தார். சில லினக்ஸ் வெளியீடுகளிலே அந்நிரல் காவற்பூதத்தோடு மறைமுகமாகப் பிணைந்திருந்தமையால் உலகெங்கும் எண்ணற்ற வாயில்கள் திறக்கும் நிலையேற்பட்டது. புகுதல் வழமையிலும் அரைச் செக்கன் தாமதிப்பதை அவதானித்த அந்திரேஸ் பிரொயின்ட் எனும் பொறியியலாளரின் ஐயமே அதனைத் தடுத்தது. கணித மறை உடைபடவில்லை. தனித்துவிடப்பட்ட மனித உழைப்பே உடைபட்டது.

ஆகவே ஒழுங்கமைப்பு என்பது கோப்போடு முடிவதன்று. ஆளுக்கொரு திறவுகோலாக மூவர்க்கேனும் பதித்து வைத்தல், விலகியோரின் திறவுகோலை உடன் நீக்குதல், செய்த மாற்றங்களைத் தமிழிலே எழுதி வைத்தல், காப்புப் பிரதியை அதே திறவுகோலால் திறக்கமுடியாத வேறிடத்திலே பேணுதல் ஆகியன அதன் பகுதிகளேயாகும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரச முகில் சேவைமீது நிகழ்ந்த தாக்குதலிலே மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளப்பெற இயலாது போனமை, இறுதியிற் கூறிய விதியின் முதன்மையைக் காட்டும்.

மடம் என்பது வழிச்செல்வோர் தங்கும் பொதுவிடம். அதனைக் கட்டுவித்தவர் மறைந்த பின்னரும் விளக்கேற்றவும் படலை திறக்கவும் ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் இருந்தமையாலேயே மடங்கள் நிலைத்தன. எமது எண்ணிம நூலகங்களுக்கும் வேண்டற்பாலது அத்தகைய தொடர்ச்சியே. காவற்பூதம் உறங்காது, ஆனால் எவரை உள்ளே விடுவதென்பதை அதற்குக் கற்பிக்க வேண்டியவர் நாமே. அக்கல்வி கணினித் துறையினருக்கு மட்டும் உரியதாயிருத்தல் சாலாது. நுண்கலை பயில்வோரும் வரலாறு கற்போரும் தத்தம் ஆவணங்களின் வாயிலைத் தாமே காக்கக் கற்கும்போதுதான், தொலைவிலுள்ள இயந்திரம் எவருடையதாயினும் அதிலுள்ள நூலகம் எம்முடையதாக நிற்கும்.