கோப்பி இலையின் அடியில்

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக ஏறிப் போனால் நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் மடுல்கெல்ல வரும். இன்று அங்கே தேயிலை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே சரிவுகளில் கோப்பி நின்றது. ஒரு செடி போய் இன்னொரு செடி வந்த இந்த மாற்றத்தைப் பற்றிப் பொருளாதார வரலாறு நிறையப் பேசியிருக்கிறது. மலையகத்துக்கென்று சொந்த எழுத்தாளர்கள் பிறந்ததற்கும் அந்த மாற்றம்தான் வழி திறந்தது என்று நான் நினைக்கிறேன். அந்தக் கதை ஒரு பூஞ்சையில் தொடங்குகிறது.

1869இல் ஊவாவின் மடுல்சீமைப் பக்கத்தில், கோப்பி இலைகளின் அடியில் மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பொடி படிந்திருப்பதைத் தோட்டக்காரர்கள் கண்டார்கள். பேராதனைப் பூங்காவின் இயக்குநர் த்வைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி, புரூம் என்ற இரு பூஞ்சையியலாளர்கள் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் அது கண்டி மலைகளின் கோப்பி முழுவதிலும் பரவிவிட்டது.

அது வேலை செய்த விதம் வியக்க வைப்பது. அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து. காற்றில் மிதந்து வந்து இலையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் முளைத்துவிடாது, அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டும். மழையோ பனியோ இலையைச் சில மணி நேரம் ஈரமாக வைத்திருந்தால் வித்திலிருந்து மெல்லிய குழல் ஒன்று நீண்டு, இலை மூச்சு விடும் துளையைத் தேடிப் போகும். கோப்பிச் செடிக்கு அந்தத் துளைகள் இலையின் அடிப்புறத்தில்தான் உண்டு. உள்ளே நுழைந்ததும் கலங்களுக்குள் உறிஞ்சிகளைச் செலுத்தி, இலை தனக்கென்று சமைத்த சத்தை இழுத்துக்கொள்ளும். சில வாரங்களில் நுழைந்த துளைகளின் வழியாகவே புதிய வித்துகளைக் கொத்துக் கொத்தாக வெளியே தள்ளும். ஒரேயொரு புள்ளியிலிருந்து பல்லாயிரம் வித்துகள். இலை முற்றும் முன்பே உதிரும். மரம் உடனே சாவதில்லை. இலையில்லாமல் காய் தாங்கிச் சோர்ந்து, கிளை கிளையாகக் காய்ந்து போகும். நக்கிள்ஸ் சரிவுகளோ இரண்டு பருவக்காற்றுகளின் மழையையும் வாங்குகிறவை. பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இந்த நோயை ஆராயவென்றே இலங்கைக்கு அனுப்பப்பட்டார். பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் வரும் வித்துகளைப் பிடித்துக் காட்டினார். காட்டை முழுக்க வெட்டி மலைக்கு மலை ஒரே செடியை நட்டதுதான் இந்த நோய்க்குப் பந்தி விரித்தது என்று அவர் சொன்னபோது காலம் கடந்திருந்தது. 1882இல் அவர் திரும்பிப் போனார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கோப்பி ஏறத்தாழ அழிந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை, மெல்ல மற்ற மலைகளிலும் ஏறியது.

பூஞ்சைக்குப் பெயர் வைத்த அதே 1869இல் ஒரு தமிழ் நூலும் அச்சாகியது. ஆபிரகாம் ஜோசப் என்பவர் எழுதிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’. கோப்பித் தோட்டத்து வேலை முறைகளைக் கும்மி மெட்டில் சொல்லும் நூல் அது. ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்தே வந்தது. மலைத்தோட்டம் தமிழ் அச்சில் ஏறிய மிகப் பழைய தடங்களில் ஒன்று. எனக்கு மிகவும் பிடித்த நூல் இது. ஆனாலும் அதன் பொருள் வேலைதான். அந்த மலையில் பிறந்து, அதை ஊர் என்று சொல்லும் ஒருவரின் குரலை அதில் எதிர்பார்க்க முடியாது. அப்படிப் பிறந்து வளர்ந்தவர்கள் அப்போது மிகக் குறைவு.

கண்டியிலேயே பிறந்த சித்திலெப்பையின் எழுத்திலும் அந்தக் குரல் இல்லை. இலங்கையின் முதல் தமிழ் நாவலான அவருடைய ‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வந்தது, சுற்றிலும் கோப்பி செத்துக்கொண்டிருந்த நேரத்தில். அதன் கதாநாயகனோ கெய்ரோவில் பிறக்கிறான்.

ஏன் இப்படி? விடை செடியின் நாட்காட்டியில் இருக்கிறது. கோப்பி மழைக்குப் பின் பூத்து, எட்டொன்பது மாதம் காயாகக் கிடந்து, வருடக் கடைசியில் ஒரு முறை பழுக்கும். பெருங்கூட்டமாக ஆட்கள் தேவைப்படுவது அந்தச் சில மாதங்களுக்கு மட்டும். எனவே பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து மன்னாருக்குக் கடல் தாண்டி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்து, பழம் பறித்து முடித்ததும் தை அறுவடைக்கு ஊர் திரும்பினார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் இறந்தவர்கள் ஏராளம். அவர்களும் பாடினார்கள், கோப்பிக் காலத்துப் பாடல்கள் வாய்வழியாகத் தங்கின. எழுத்து தங்குவதற்கு மட்டும் வீடு வேண்டியிருந்தது.

தேயிலையின் உடல் வேறு மாதிரி. வளர விட்டால் அது மரம். அதன் நுனி மொட்டு தனக்குக் கீழுள்ள பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனியைக் கிள்ளியதும் அந்த அடக்குமுறை நீங்கி, இலைக்கக்கங்களில் உறங்கிய மொட்டுகள் விழித்துத் துளிர்க்கும். ஏழு முதல் பத்து நாளில் மறுபடியும் கொழுந்து. மறுபடியும் கிள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்டி, செடியைத் திரும்ப மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பறித்த கொழுந்து அன்றைக்கே ஆலைக்குப் போயாக வேண்டும். இல்லாவிட்டால் கூடையிலேயே சூடேறிக் கெடும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து போகும். ஆண்டு முழுவதும், ஒவ்வொரு வாரமும், மலையிலேயே ஆட்கள் இருந்தாக வேண்டும் என்பது இதன் பொருள். லயங்கள் என்ற வரிசை வீடுகள் நிரந்தரமாயின. குடும்பங்கள் தங்கின. லயத்தில் பிறந்த பிள்ளைகள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தின் தப்பொலியைக் கேட்டு வளர்ந்தார்கள்.

அவர்களில் ஒருவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர். 1954இல் ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்ற நெடுங்கவிதையை ஆங்கிலத்தில் எழுதினார். சக்தீ பால ஐயா அதைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். தேயிலைக்கு அடியில் புதைந்து கிடக்கும் முன்னோரைப் பற்றிய துயரம் அதில் உண்டு. மூன்று தலைமுறை ஒரே மண்ணில் இருந்தால்தான் அப்படி ஒரு துயரம் பிறக்கும். அவருக்கு ஊற்றாக இருந்தவை தோட்டப் பெண்களின் பாடல்கள்: தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்தெடுக்கும்போது பாடுபவை. அவற்றை வாழ்நாளெல்லாம் தேடித் தேடிச் சேகரித்து, இறப்பதற்கு முந்தைய ஆண்டான 1983இல் நூலாக்கினார். கவிதைகளைவிட அந்தத் தொகுப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன். இவர் எழுதிவைக்காவிட்டால் பாடியவர்களோடு போயிருக்கக்கூடிய பாடல்கள் அதில் இருக்கின்றன.

இன்னொரு மலையக எழுத்தாளரான என். எஸ். எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதையின் முடிச்சோ, ஒரு பெண் ஒரு நாளில் எத்தனை றாத்தல் பறித்தாள் என்பதுதான். நிறுவைத் தராசின் முன் நின்று பழகியவர்களுக்கே தோன்றும் கதை அது. கோப்பிக் காலத்து வழிப்போக்கர் எவரும் அதை எழுதியிருக்க முடியாது.

1946இல் இரண்டாவது பூஞ்சை வந்தது. இம்முறை தேயிலைக்கு: இளம் கொழுந்தில் கொப்புளம் எழுப்பும் நோய். கோப்பியின் கதி தேயிலைக்கும் நேரும் என்ற அச்சம் பரவியது. தலவாக்கலை சென் கூம்ஸிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் செப்பு மருந்துத் தெளிப்பாலும் கவ்வாத்துக் காலத்தை மாற்றியமைத்தும் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. தேயிலை நிலைத்தது. மறு ஆண்டு, 1947 தேர்தலில், அதே தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினராக சி. வி. தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. பெரும்பாலான தோட்ட மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டது. சி. வி. தன் நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயர் வைத்தார். இரண்டாவது பூஞ்சையால் அசைக்க முடியாத குடும்பங்களை ஒரு காகிதம் அசைத்தது. தாயகம் திரும்பியோர் என்று அழைக்கப்பட்ட அந்த மக்களில் பலர் நீலகிரிக்கு, கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போனார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தமிழக அரசு அங்கே தொடங்கிய திட்டமும் தேயிலை நடுவதுதான். பின்னாளில் அது டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆயிற்று.