மின்சார மோட்டார்ப் பந்தயம்: பெட்ரோல் எஞ்சினுக்கு ஈடாகுமா?

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில், புத்தூருக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடையே வடமாலபேட்டை என்னும் ஊர் அமைந்துள்ளது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இவ்வட்டாரத்தில் மோட்டார் வண்டி என்றவுடன் பஸ்ஸும் லாரியும் மோட்டார் சைக்கிளும் நினைவுக்கு வருமேயன்றிப் பந்தயக் கார் நினைவுக்கு வருவதில்லை. எனினும், மின்சாரப் பந்தய வண்டிகளைப் பற்றிய வினா இவ்வூர் மக்களுக்குத் தொடர்பற்றது எனக் கூறிவிட முடியாது. இவ்வூருக்குத் தென்கிழக்கே, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990-ஆம் ஆண்டு முதல் மோட்டார்ப் பந்தயத் தளம் ஒன்று உள்ளது. வடக்கே, ஐதராபாத் நகரில் 2023-இல் மின்சாரக் கார்களின் உலகப் போட்டி ஒன்று நடைபெற்றது. வடமேற்கே, திருமலைக்குச் செல்லும் மலைப்பாதையில் 2022 முதல் மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. பந்தயக் காருக்கும் இந்த பஸ்ஸுக்கும் அடிப்படைத் தத்துவம் ஒன்றே. ஆகையால், மின்சாரப் பந்தயம் எஞ்சின் பந்தயத்திற்கு ஈடாகுமா என்னும் வினாவின் விடை, மலையிறங்கும் பஸ்ஸின் பிரேக் வரையில் நீள்வதைக் காணலாம்.

பந்தயத்தில் மின்சாரம் புதிதாக வந்த விருந்தாளி எனப் பலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1899-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் தேதி, பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள அஷேரில், காமில் ஜெனாட்ஸி என்னும் பெல்ஜிய நாட்டினர் மணிக்கு 105.88 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு காரை ஓட்டினார். தரையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்த முதல் மோட்டார்க் கார் அதுவே. அது பாட்டரியால் ஓடிய கார். 1902-இல் நீராவிக் கார் ஒன்று அவ்வேகத்தை முறியடித்தது. பின்னர் பெட்ரோல் எஞ்சின் முன்னணிக்கு வந்தது. அடுத்த நூறாண்டுகளுக்கும் மேலாக அவ்விடத்தை அது விட்டுக்கொடுக்கவில்லை.

இதற்குக் காரணம் வேகமன்று, தூரம். 1895-இல் பாரிஸிலிருந்து போர்தோ சென்று திரும்பிய 1,178 கிலோமீட்டர்ப் பந்தயத்தில் ஒரு மின்சார வண்டியும் கலந்துகொண்டது. மாற்றுப் பாட்டரிகளை வழியிலே வைத்திருந்தும் அது வெல்லவில்லை. பெட்ரோல் வண்டிக்கோ ஒரு தகர டப்பா எரிபொருள் கிடைத்தால் போதுமானதாயிருந்தது.

எடையே எதிரி

இந்த வேறுபாட்டை எண்களால் அறிவது எளிது. மின்சாரக் கட்டணச் சீட்டில் காணும் யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி ஆகும். ஒரு கிலோ பெட்ரோல் முற்றிலும் எரியும்போது வெளிப்படும் உஷ்ணம் ஏறத்தாழ 12 யூனிட்டுக்குச் சமம். பாட்டரியின் நிலை என்ன? இத்தாலிய நாட்டு டுகாட்டி நிறுவனம் 2023 முதல் உலகப் போட்டிக்கு வழங்கிய மின்சார மோட்டார் சைக்கிளில் பாட்டரியின் எடை 110 கிலோ. அதன் கொள்ளளவு 18 யூனிட். அதாவது, ஒரு கிலோவுக்கு யூனிட்டில் ஆறிலொரு பங்கு. பெட்ரோல் எஞ்சின் தான் பெறும் உஷ்ணத்தில் மூன்றில் ஒரு பங்கையே உழைப்பாக மாற்றுகிறது என்றும், மின்மோட்டார் பத்தில் ஒன்பது பங்கை மாற்றுகிறது என்றும் வைத்துக்கொண்டாலும், எடைக்கு எடை பெட்ரோலே 25 மடங்குக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பில் மாணவரைக்கொண்டே போடச் செய்யலாம்.

பெட்ரோலுக்கு மற்றொரு சலுகையும் உண்டு. எரிவதற்குத் தேவையான பிராணவாயுவை அது சுமந்து செல்வதில்லை. வழியிலுள்ள காற்றிலிருந்து இனாமாகப் பெறுகிறது. பாட்டரியோ இரசாயன மாறுதலுக்கு வேண்டிய அனைத்தையும் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது. மேலும், பெட்ரோல் எரிய எரிய வண்டி இலேசாகும். தீர்ந்துபோன பாட்டரியும் நிறைந்த பாட்டரியின் எடையோடேயே இருக்கும்.

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இதன் விளைவு தெளிவாகத் தெரிந்தது. மேற்கூறிய டுகாட்டி வண்டியின் எடை 225 கிலோ. முதல் வகுப்புப் பெட்ரோல் பந்தய மோட்டார் சைக்கிளுக்கு விதிக்கப்பட்ட குறைந்த எடை 157 கிலோ. பெட்ரோல் வண்டிகள் 20 சுற்றுகளுக்கும் மேலாக ஓடும் தளங்களில் மின்சார வண்டிகள் ஏழெட்டுச் சுற்றுகளோடு போட்டியை முடித்துக்கொண்டன. 2019-இல் தொடங்கிய அந்த உலகப் போட்டி 2025-ஆம் ஆண்டுப் போட்டிகளுக்குப் பின் நிறுத்திவைக்கப்பட்டது. மின்சாரப் பந்தயத்தின் ஆதரவாளர்கள் இத்தோல்வியை மறைக்க வேண்டியதில்லை. இரு சக்கர வண்டியில் பாட்டரியின் சுமையை ஒளித்துவைக்க இடமே இல்லை என்பதை அது நன்கு புலப்படுத்தியது.

மலையேற்றத்தில் வெற்றி

தூரம் குறைந்து ஏற்றம் மிகுந்த இடத்திலோ நிலைமை தலைகீழாகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில் பைக்ஸ் பீக் என்னும் சிகரத்தின்மேல் ஆண்டுதோறும் மலையேற்றப் பந்தயம் நடைபெறுகிறது. பாதையின் நீளம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர், வளைவுகள் 156, முடியும் இடம் கடல் மட்டத்திற்கு 4,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. 2013-இல் செபாஸ்தியன் லோப் பெட்ரோல் காரில் 8 நிமிடம் 13.878 வினாடியில் ஏறி முடித்தது அரிய சாதனையாகக் கருதப்பட்டது. 2018-இல் ரோமெய்ன் டூமா, ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் மின்சாரக் காரில் 7 நிமிடம் 57.148 வினாடியில் சிகரத்தை அடைந்தார். எட்டு நிமிடத்திற்குள் அப்பாதையை ஏறிய முதல் கார், எவ்வகை எஞ்சினும் இல்லாத காராக அமைந்தது.

விளக்கம் எளியதே. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஐந்தில் இரண்டு பங்கு குறைவு. மலையேறும் மனிதனுக்கு மூச்சு வாங்குவதுபோல் எஞ்சினுக்கும் மூச்சு வாங்குகிறது. மின்மோட்டாருக்கோ மூச்சே தேவையில்லை. அன்றியும், நிற்கும் நிலையிலேயே முழு முறுக்கு விசையையும் தரவல்லது அது. வளைவுதோறும் வேகம் குறைத்து மீண்டும் பாய வேண்டிய பாதையில் இது பெரும் சாதகம்.

அதே கார் 2019-இல் ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் தளத்தில் 20.8 கிலோமீட்டர் கொண்ட ஒரு சுற்றை 6 நிமிடம் 5.336 வினாடியில் ஓடியது. போர்ஷே நிறுவனத்தின் கார் ஒன்று, பெட்ரோல் எஞ்சினையும் மின்மோட்டாரையும் இணைத்துக்கொண்டு, அதற்கு முந்திய ஆண்டே அச்சுற்றை 5 நிமிடம் 19.55 வினாடியில் முடித்திருந்தது. தூரம் ஏறக்குறைய ஒன்றே. காற்று அடர்ந்த இடத்திற்கு இறங்கி வந்ததும் முதலிடம் கைமாறிவிட்டது. அதுவும் தனித்த பெட்ரோலுக்கன்று, கலப்பு வண்டிக்கு என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஐதராபாத்தில் கண்டது

மின்சாரக் கார்களுக்கெனவே ஏற்பட்ட ஃபார்முலா ஈ போட்டி 2014 செப்டம்பர் 13-ஆம் தேதி பெய்ஜிங்கில் தொடங்கியது. தொடக்கம் முதலே இந்திய நிறுவனமான மஹிந்திராவின் அணி அதில் பங்கு பெற்றுள்ளது. முதல் ஆண்டில் அவ்வணிக்காகச் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் கார் ஓட்டினார். அப்பொழுது ஒரு பாட்டரி முழுப் பந்தயத்திற்கும் போதவில்லை. நடுவே ஓட்டுநர் இறங்கி ஓடி, தயாராக நிற்கும் வேறொரு காரில் ஏற வேண்டியிருந்தது! நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் போர்தோப் பந்தயத்தில் நேர்ந்த அதே தொல்லைதான் இது. 2018-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் காரில் பாட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ இரு மடங்காகியதால் இவ்வழக்கம் ஒழிந்தது.

2023 பிப்ரவரி 11-ஆம் தேதி, ஐதராபாத்தில் உசேன் சாகர் ஏரிக்கரைத் தெருக்களில் 2.83 கிலோமீட்டர்ச் சுற்று ஒன்று அமைக்கப்பட்டு, இந்தியாவின் முதல் ஃபார்முலா ஈ போட்டி நடைபெற்றது. பிரெஞ்சு நாட்டு ஓட்டுநர் ஜான் எரிக் வெர்ன் வென்றார். அங்கு ஓடிய மூன்றாம் தலைமுறைக் காரின் மோட்டார் 350 கிலோவாட் திறனுள்ளது. பந்தயத்திற்குப் பயன்படும் மின்சாரமோ 38.5 யூனிட் மட்டுமே. முழுத் திறனுடன் இடைவிடாது ஓட்டினால் ஏழு நிமிடத்திற்குள் அது தீர்ந்துவிடும். பந்தயமோ முக்கால் மணி நேரத்திற்குக் குறையாது.

இக்குறையையே அப்போட்டி தன் ஆட்ட விதியாக ஆக்கிக்கொண்டது. இதுவே அதன் சிறப்பு எனலாம். முன்செல்லும் காரின் பின்னால் ஒதுங்கிக் காற்றின் எதிர்ப்பைக் குறைத்துக்கொள்வதும், வளைவு வருமுன்பே விசையைத் தளர்த்துவதும், வேகத்தைக் குறைக்கையில் மோட்டாரையே டைனமோவாக மாற்றிப் பாட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்புவதும் ஓட்டுநரின் வித்தைகள். இக்காரின் பின்சக்கரங்களில் வழக்கமான எண்ணெயழுத்தப் பிரேக்குகளே வைக்கப்படவில்லை. மோட்டார்களே பிரேக்காகவும் செயற்படுகின்றன. பந்தயத்தில் செலவாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு இவ்வாறு மீட்கப்படுவதாகப் போட்டியை நடத்துவோர் கணக்கிட்டுள்ளனர்.

எனினும், கடிகாரத்தின் தீர்ப்பு வேறு. 2021 மே மாதத்தில் மொனாக்கோ நகரில் இருவகைக் கார்களும், இரு வார இடைவெளியில், ஏறக்குறைய ஒரே பாதையில் ஓடின. தகுதிச் சுற்றில் ஃபார்முலா ஒன் கார் 1 நிமிடம் 10 வினாடி எடுத்தது. அப்போதிருந்த இரண்டாம் தலைமுறை மின்சாரக் கார் 1 நிமிடம் 31 வினாடி எடுத்தது. மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட சுற்றில் 21 வினாடி என்பது சிறு வேறுபாடன்று. புறப்படும் கணத்தில் இன்றைய மின்சாரக் கார் எவரையும் முந்திவிடும். மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தை இரண்டு வினாடிக்குள் எட்டுகிறது. முழுச் சுற்றில், நெடும் பந்தயத்தில், அது இன்னும் ஈடாகவில்லை.

ஒலியைப் பற்றியும் கூற வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயம் பார்த்துப் பழகிய சென்னை ரசிகர்களுக்கு எஞ்சினின் முழக்கமே பாதிப் பந்தயம். ஊசிக் கூச்சல்போல் விரைந்து மறையும் மின்சாரக் கார் அவர்களுக்குச் சப்பென்றிருக்கும். ஆனால் அந்த முழக்கம் இல்லாமையாலன்றோ மருத்துவமனைகளும் குடியிருப்புகளும் சூழ்ந்த நகரத் தெருவில் பந்தயம் நடத்த இயலுகிறது!

ஐதராபாத்தில் 2024 பிப்ரவரியில் நடைபெறவிருந்த இரண்டாம் போட்டி, மாநில ஆட்சி மாறியபின் கைவிடப்பட்டது. அதற்கெனப் பொதுப் பணம் செலுத்தப்பட்ட முறை குறித்து 2024 டிசம்பரில் வழக்கும் பதிவாயிற்று. தெருப் பந்தயம் பொதுப் பணத்தை வேண்டி நிற்குமாயின், பார்ப்பவர் மகிழ்ச்சிக்கு மேலாக அதனால் கிடைப்பது என்ன என மக்கள் கேட்பது நியாயமே.

மலையிறங்கும் பஸ்

அக்கேள்விக்குத் திருமலைப் பாதையில் ஒரு பகுதி விடை கிடைக்கிறது. 1944-இல் திறக்கப்பட்ட முதல் பாதை வழியே வண்டிகள் இறங்குகின்றன. 1974-இல் அமைந்த இரண்டாம் பாதை வழியே ஏறுகின்றன. திருப்பதிக்கும் திருமலைக்கும் உயர வேறுபாடு சுமார் 700 மீட்டர். பயணிகளுடன் 12 டன் எடையுள்ள பஸ் ஒன்று மேலிருந்து கீழே வருவதாகக் கொள்வோம். எடை, புவியீர்ப்பு, உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 23 யூனிட் கிடைக்கும். ஐதராபாத்தில் ஓடிய பந்தயக் காருக்கு அளிக்கப்பட்ட மொத்த மின்சாரத்தில் பாதிக்கும் மேற்பட்டது இது!

டீசல் பஸ்ஸில் இச்சக்தி முழுவதும் வீணாகிறது. ஒரு பகுதி சக்கரங்களின் உராய்விலும் காற்றின் எதிர்ப்பிலும் கழியும்; மற்றது எஞ்சினிலும் பிரேக்கிலும் உஷ்ணமாகும். பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறினால் பிடிப்புத் தளரும். மலைப்பாதையில் அதன் பொருள் என்னவென்று ஓட்டுநர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்சார பஸ்ஸில் பந்தயக் காரைப் போன்றே மோட்டார் டைனமோவாகிறது. சக்தியின் ஒரு பகுதி பாட்டரிக்குத் திரும்புவதோடு, பிரேக்கின் சுமையும் குறைகிறது. மீளும் மின்சாரத்தைவிட இந்த இரண்டாவது நன்மையே பெரிது என்று கொள்ள இடமுண்டு.

இங்கே களப் பணியாளர் மனத்திற்கொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நிறைந்த பாட்டரி மேலும் மின்சாரத்தை ஏற்காது. ஆகவே மலையுச்சியில் முழுவதும் மின்னேற்றம் செய்து இறங்கும் வண்டியில் மோட்டார்ப் பிரேக் தன் முழுப் பலனைத் தராது. காற்றழுத்தப் பிரேக்குகளைச் செவ்வனே பேணும் கடமை இதனால் குறைந்துவிடுவதில்லை.

பாட்டரித் தொழிலும் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. 1985-இல் தோன்றிய அமர ராஜா நிறுவனம் ஈய அமிலப் பாட்டரிகளுக்குப் பெயர் பெற்றது. 2022 செப்டம்பரில் திருப்பதியில் லித்தியம் மின்கலத் தொழிற்சாலை ஒன்றின் முன்னோட்ட உற்பத்தி தொடங்கியது. வடமாலபேட்டையிலும் புத்தூரிலும் இன்று பயிலும் பாலிடெக்னிக் மாணவர்களில் சிலருக்கேனும் பிழைப்பு இத்துறையில் அமையக்கூடும்.

எஞ்சின் பந்தயமும் பழைய நிலையில் நின்றுவிடவில்லை. 2014 முதலே ஃபார்முலா ஒன் கார்கள் எஞ்சினுடன் மின்மோட்டாரையும் பெருமளவில் பயன்படுத்தி வந்தன. 2026-ஆம் ஆண்டின் விதிகள் மொத்தத் திறனில் ஏறக்குறைய பாதியை மின்சாரத்திலிருந்து பெற வகை செய்கின்றன. ஆக, போட்டியாளரென நினைக்கப்பட்ட மின்மோட்டார் எதிரியின் வண்டிக்குள்ளேயே குடியேறிவிட்டது.

தமிழ்நாட்டிலும் இம்மாறுதலின் தொடக்கம் காணப்படுகிறது. டி.வி.எஸ். நிறுவனம் 2023-இல் மின்சார மோட்டார் சைக்கிள்களுக்கென ஒரு பந்தயத் தொடரை ஏற்படுத்தியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் தங்கள் முதல் மின்சாரப் பந்தயக் காரை 2022 நவம்பரில் வெளியிட்டனர். கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வே தளத்தில் நடந்துவந்துள்ள ஃபார்முலா பாரத் என்னும் பொறியியல் மாணவர் போட்டியில் மின்சாரக் கார்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. அதில் மிகக் கடினமானது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீளமுள்ள தாங்குதிறன் ஓட்டம். பாட்டரியைப் பெரிதாக்கினால் எடை கூடி வளைவுகளில் கார் பின்தங்கும். சிறிதாக்கினால் கடைசிச் சுற்றுக்கு முன்னரே நின்றுவிடும். எத்தனை கிலோ பாட்டரியுடன் புறப்படுவது என்பதை மாணவர்கள் காரைக் கட்டத் தொடங்குமுன்பே கணக்கிட்டு முடிவு செய்தாக வேண்டும்.