அளவு நாடாவும் கணக்குக் கொப்பியும்

2006 ஏப்ரலில் சம்பூரை விட்டு ஓடிய மக்கள் தமது மண்ணை மீண்டும் மிதிக்க ஏறக்குறைய பத்து ஆண்டுகள் சென்றன. 2015, 2016 ஆம் ஆண்டுகளில் காணிகள் விடுவிக்கப்பட்டபோது, இடிந்த வீடுகளும் பற்றை மண்டிய வளவுகளுமே பலரை வரவேற்றன. சுவர் எழும்பிய பின்னும் வீடு முழுமையாவதில்லை. கதவு, யன்னல், அலுமாரி, குசினித் தட்டு என ஒவ்வொன்றாகத் தேவைப்படும். குடும்பமாக நடத்தும் தச்சுப் பட்டறைக்கு இங்கே வேலை உண்டு.

தச்சு ஆண்களின் தொழில் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் கேட்பவரின் விருப்பத்துக்குச் செய்து கொடுக்கும் தளபாடத்தில் உளி பிடிப்பது பாதி வேலைதான். வீட்டுக்குப் போய் அளவெடுப்பது, தேவையைக் கேட்டறிவது, விலை கணிப்பது, வார்னிஷ் பூசுவது, கணக்கு எழுதுவது என்பன மறுபாதி. இவற்றைப் பெண்களால் திறம்படச் செய்ய முடியும்.

குசினியையே எடுத்துக்கொள்வோம். 1926 இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரக் குடியிருப்புகளுக்கு ஒரு குசினியை வடிவமைத்தவர் மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எதை எங்கே தேடுகிறார் என்று கவனித்து, 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமுமான இடத்தில் எல்லாவற்றையும் அடக்கினார். மாவுப் பெட்டிக்குப் புழு அண்டாத ஓக் மரத்தைத் தெரிந்தார். சுமார் 10,000 வீடுகளில் அந்தக் குசினி பொருத்தப்பட்டது.

நாமும் அளவு நாடாவை எடுப்போம். நிமிர்ந்து நின்று முழங்கையை மடியுங்கள். அதிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே உங்கள் குசினித் தட்டின் உயரம். போரில் காலை இழந்த சகோதரி அமர்ந்து சமைக்கத் தட்டைத் தாழ்த்தி, கீழே முழங்கால் நுழைய இடம் விடவேண்டும். ஒரே அளவில் செய்து குவிக்கும் கடைச் சாமானில் இது கிடைக்காது. சிறு பட்டறையின் பலம் இதுதான்.

ஜேர்மனியில் பிரீடமீர் பொக்கன்போல் என்ற தச்சர் 1892 இல் தொடங்கிய பட்டறை, குசினித் தளபாடத்தால் உலகப் பெயர் பெற்றது. பிற்காலத்தில் அது குடும்பத்தின் கையை விட்டுப் பல கைகள் மாறியது. 2020 இல் கடன் தீர்க்க முடியாத நிலைக்கும் வந்தது. பெயர் மட்டும் ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றாது.

இந்தத் தொழிலுக்குப் பெரிய முதல் தேவையில்லை. முற்பணம் வாங்கிய பின்பே மரம் வாங்கலாம். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. 30,000 ரூபா அலுமாரிக்கு 15,000 முற்பணம் வாங்கினோம் என்று வைத்துக்கொள்வோம். அதை முந்தைய மேசையின் மரக்கடனுக்குக் கொடுத்தால், அலுமாரிக்கு மரம் வாங்க நுண்கடன்காரரிடம் போக நேரும். 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய முன்வந்ததென்றால், அந்தச் சுமையை நாம் ஊகிக்கலாம். சாமானை ஒப்படைக்கும் வரை முற்பணம் நமதல்ல. ஒவ்வொரு ஓடருக்கும் கொப்பியில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

மரத்திலும் கவனம் வேண்டும். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிப்பதை 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. மரம் ஏற்றிவரவும் அனுமதிப்பத்திரம் தேவைப்படலாம். வாங்கும் முன் வன இலாகாவில் கேளுங்கள். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பதிவு செய்யுங்கள். பத்திரத்தில் கணவரின் அல்லது மகனின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. அளவெடுத்துக் கணக்கு எழுதும் உங்கள் பெயரும் பங்காளராக அதில் இருக்கட்டும். நாளை பட்டறை வளரும்போது, அதன் பலனில் உங்களுக்குரிய உரிமைக்கு அதுவே சாட்சி.