கரை காக்கும் மண் குதிரைகள்

கண்மாயிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து ஊர்ப் பெரியவர் மண் வனையும் வேளாரிடம் கொடுப்பார். அதற்குப் 'பிடிமண்' என்று பெயர். மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் புரவி எடுப்புத் திருவிழா அந்தக் கைப்பிடியில்தான் தொடங்குகிறது. வேளார் களிமண்ணில் உமியும் மணலும் சேர்த்து மிதிப்பார். கால், உடம்பு, கழுத்து, தலை எனத் தனித்தனியாக வனைந்து ஒட்டுவார். குதிரையின் உள்ளே வெறும் கூடுதான். ஆவி வெளியேறத் துளை விடாவிட்டால் சூளையில் வெடித்துவிடும். வெந்த குதிரைக்கு வண்ணம் பூசி, ஊரே தோளில் சுமந்துபோய்க் காவல் தெய்வமான கண்மாய்க்கரை அய்யனார் முன்னே இறக்கும்.

அய்யனாருக்கு ஏன் கண்மாய்க்கரை? சரிவான நிலத்தில் பிறை வடிவில் மண்ணைக் குவித்து மழைநீரை மறிப்பதுதான் கண்மாய். வயலுக்கு நீர்விட மடை, மிகுந்த நீர் வழிந்தோடக் கலுங்கு. வழிந்த நீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். வைகைப் படுகையில் இவை சங்கிலியாகக் கோத்துக் கிடப்பதால், மேலே ஒன்று உடைந்தால் கீழே உள்ளவற்றுக்கும் ஆபத்து. பழைய கலுங்குகளில் குத்துக்கற்கள் வரிசையாக நிற்கும். மழை ஓயும் காலத்தில் இடைவெளிகளைக் களிமண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்தால் கூடுதலாக நீர் தேங்கும். வெள்ளம் வந்தால் அடைப்பைப் பிடுங்கிவிடலாம். எத்தனை எளிய, அழகான ஏற்பாடு!

மண் கரைக்கு எலி வளையும் நண்டு வளையும்தான் எமன். விரல் நுழையும் வளையில் கசிகிற நீர் மண்ணை அரித்து அரித்துக் கரையையே உடைத்துவிடும். அதை முதல் நாளே பார்க்க ஆள் நடமாட்டம் வேண்டும். சாமி கும்பிடவும் நிழலில் உட்காரவும் வருகிறவர்களின் கண்ணில் அது பட்டுவிடும். கோயிலையும் குதிரையையும் நான் கரைக் காவலின் ஒரு பகுதியாகவே பார்க்கிறேன்.

மதுரை நகரமும் வெள்ளத்தடுப்பை விழாவாக்கிய ஊர்தான். வைகை பெருகியபோது கரையடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட, ஆளில்லாத வந்திக் கிழவியின் பங்குக்குச் சிவபெருமானே பிட்டைக் கூலியாக வாங்கி மண் சுமந்தார் என்கிறது திருவிளையாடல். ஆவணி மூலத்தன்று புட்டுத்தோப்பில் இந்த லீலை இன்றும் நடக்கிறது. வீட்டுக்கு ஒரு பங்கு என்பது, ஊரார் கூடி நீர்நிலையைச் செப்பனிடும் குடிமராமத்து வழக்கம் அல்லவா!

அந்தப் பங்கு இன்றும் தேவைப்படுகிறது. 2024 அக்டோபர் மழையில் மதுரையின் செல்லூர்ப் பகுதித் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. நகரக் கண்மாய்க் கரைகளில் காலை நடை போகிறவர்கள் ஒருநாள் கலுங்கு வரை போய்ப் பாருங்கள். செடி மண்டியிருந்தால் மழைக்கு முன்பே நாலு பேரைக் கூப்பிடுங்கள்.