பழஞ்சரக்கே முதலாகும் வியாபாரம்
காரைக்குடி பழம்பொருள் கடைகள் நமக்குச் சொல்லும் பாடம்

மளிகைக் கடைக்காரருக்குப் பழஞ்சரக்கு என்றாலே நஷ்டம்தான். பருப்பில் வண்டு விழும், புளி கறுத்துப்போகும், வற்றல் நிறம் மங்கும். வந்த சரக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு சீக்கிரம் முதல் கைக்குத் திரும்பும் என்பது நமக்குப் பழகிய கணக்கு. இதற்கு நேர்மாறாக, பழையதை மட்டுமே விற்று வாழும் ஒரு கடைத்தெரு மதுரையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மேலூர், திருப்பத்தூர் வழியாகப் போனால் காரைக்குடி. அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில்தான் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

பெரும்பாலும் குடும்பக் கடைகள். முன்புறம் சிறிய கடை, பின்னால் அல்லது ஊருக்கு வெளியே கிட்டங்கி என்பதே இத்தொழிலுக்கு ஏற்ற அமைப்பு. தூணும் கதவும் ஊஞ்சல் பலகையும் அடுக்கப் பெரிய இடம் வேண்டும். கடைவீதி வாடகைக்கு அது கட்டுப்படியாகாது.

சரக்கு வந்த வழி

செட்டிநாட்டில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் நகரத்தார் கட்டிய வீடுகளே இந்த வியாபாரத்தின் ஊற்றுக்கண். பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் செய்து ஈட்டிய பணம் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீடுகளாக எழுந்தது. பர்மாத் தேக்கில் தூண்கள், பெல்ஜியம் கண்ணாடிகள், இத்தாலியச் சலவைக்கல், ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த எனாமல் தூக்குகள், சுவர் நிறைய ரவி வர்மாவின் அச்சுப் படங்கள் என்று வீடு நிறைந்தது. பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த பித்தளை, வெண்கலப் பாத்திரங்களோ அறை கொள்ளாதவை.

1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தது. 1948-இல் அங்கே நில உடைமைச் சட்டம் வந்தது. 1964-இல் வணிகமே அரசுடைமை ஆனது. போட்ட முதல் அங்கேயே நின்றுவிட்டது. இங்கே வீடு மட்டும் மிஞ்சியது. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஆளுக்கொரு ஊரில் வேலை. ஓடு மாற்றவே பெருந்தொகை வேண்டும் என்ற நிலையில் பல வீடுகள் பிரிக்கப்பட்டன. அவற்றின் மரமும் பாத்திரமும் கடைக்கு வந்தன.

ஒன்றை மறக்கக் கூடாது. கடைக்காரர் வாங்காவிட்டால் அந்தப் பாத்திரங்கள் வீட்டிலேயே இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. எடைக்குப் போட்டு உருக்குவதே அதுவரை வழக்கம். கிலோ விலைக்கு உலைக்குப் போக வேண்டிய பானையைப் பொருள் விலைக்கு விற்கலாம் என்று கண்டுகொண்டதே இத்தொழிலின் தொடக்கம்.

லாபம் எங்கே இருக்கிறது?

ஆயிரத்துக்கு வாங்கியதைப் பத்தாயிரத்துக்கு விற்கிறார்கள் என்று வெளியே பேசுவார்கள். அது பாதிக் கணக்கு. உதாரணமாக, ஒரு ஜோடித் தூணை 10,000 ரூபாய்க்கு வாங்கி மூன்று வருடம் கிட்டங்கியில் வைத்திருப்பதாகக் கொள்வோம். வருடம் 12 சதவீதம் வட்டி போட்டால் 3,600 ரூபாய். ஏற்றுகூலி, வண்டி வாடகை, கரையான் மருந்து, தச்சர் கூலி எல்லாம் சேர்த்தால் அடக்கவிலை 15,000-ஐத் தாண்டும். மளிகையில் முதல் மாதத்துக்கு ஒரு முறையாவது சுற்றி வரும். இங்கே வருடக்கணக்கில் உறங்கும்.

அதனால் கடன் வாங்கிக் கொள்முதல் செய்கிறவர் இத்தொழிலில் நிலைப்பது கடினம். தினச் செலவுக்கு எனாமல் கிண்ணம், கண்ணாடிச் சீசா, ஊறுகாய் ஜாடி, பழைய பூட்டு போன்ற சில்லறைச் சரக்கு ஓட வேண்டும். கதவும் தூணும் விடுதிக்காரர், கட்டடக் கலைஞர், சினிமாக்காரர் வரும் வரை காத்திருக்கும். சில்லறை ஓடினால்தான் பெரிய சரக்கை அவசரப்பட்டு விலை குறைத்துத் தள்ளாமல் இருக்கலாம்.

பழுது பார்ப்பதிலும் நிதானம் வேண்டும். பழைய பித்தளையைப் புளி போட்டுத் துலக்கிப் பளபளப்பாக்கினால் பழமையின் நிறம் போய்விடும், விலையும் இறங்கும். பாத்திரத்தில் வெட்டியிருக்கும் பெயரெழுத்தை அராவி எடுப்பது அதைவிடப் பெரிய தவறு. அது எந்த வீட்டுச் சீர் என்று காட்டும் சாட்சி அந்த எழுத்துதான்.

பில் இல்லாத சரக்கு

வாசலுக்கே தேடி வரும் மலிவுச் சரக்கில்தான் ஆபத்து இருக்கிறது. பங்காளிகளில் ஒருவர் மட்டும் வந்து கதவைக் கழற்றி விற்றால், மற்றவர்கள் நாளை வந்து கேட்பார்கள். கையெழுத்து அனைவரிடமும் வாங்க வேண்டும். விற்றவர் பெயர், முகவரி, அடையாளச் சீட்டு நகல், பொருளின் படம், கொடுத்த தொகை ஆகிய ஐந்தும் கொள்முதல் ஏட்டில் இருக்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி குற்றம்.

சிலை என்றால் இன்னும் கவனம். தமிழகத்தில் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு 1983-லிருந்து இயங்குகிறது. கோயில் சிலையோ விளக்கோ ஒன்று தவறிக் கைக்கு வந்தாலும் அப்பா காலத்திலிருந்து சேர்த்த நல்ல பெயர் ஒரே நாளில் போய்விடும். வயலில் உழும்போது கிடைத்தது என்று யாராவது கொண்டுவந்தால் வாங்கவே கூடாது. 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 1976-இல் நடைமுறைக்கு வந்தது. நூறு ஆண்டு நிறைந்த சிலை, ஓவியம், கைவினைப் பொருள் முதலியன அதன்படி தொல்பொருள். இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள சுவடிக்கு 75 ஆண்டு போதும். தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. வெளிநாட்டுப் பயணி வாங்கும் பொருள் தொல்பொருள் அல்ல என்று மத்தியத் தொல்லியல் துறையிடம் சான்று பெறலாம். யானைத் தந்தம் பதித்த பெட்டி எவ்வளவு பழையதானாலும் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. வனவிலங்குச் சட்டம் தந்த வியாபாரத்தைத் தடுக்கிறது.

வரியில் ஒரு சலுகை உண்டு. பழைய பொருளை வாங்கி, அதன் தன்மை மாறாமல் விற்கும் பதிவு பெற்ற வியாபாரி, கொள்முதலில் உள்ளீட்டு வரி எடுக்காதிருந்தால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் ஜி.எஸ்.டி. கட்டலாம். 4,000 ரூபாய்ப் பெட்டி 6,500-க்குப் போனால் வரி 2,500-க்கு மட்டுமே. ஆனால் வாங்கிய விலைக்கு ஆதாரம் இல்லாதவருக்கு இந்தச் சலுகை கைகொடுக்காது. கொள்முதல் ஏடு இங்கேயும் வந்து நிற்கிறது.

ஊற்று வற்றும்போது

மளிகைக்கு அடுத்த வெள்ளாமையில் புதுச் சரக்கு வரும். பழைய வீடு இன்னொரு முறை விளையாது. பிரிக்கும் வீடுகள் குறையக் குறைய, புதிதாகச் செய்து பழசு போலச் சாயம் ஏற்றிய சரக்கு உள்ளே வருகிறது. அதை விற்பது தவறல்ல. பழசு என்று சொல்லி விற்பதுதான் தவறு. பில்லில் ‘புது வேலைப்பாடு’ என்று எழுதிக் கொடுக்கும் கடைக்காரரிடம் வாடிக்கையாளர் மறுபடியும் வருவார். அடுத்த தலைமுறைக்குக் கிட்டங்கி நிறையச் சரக்கை விட்டுப்போக முடியாமல் போகலாம்; இந்தப் பெயரை விட்டுப்போகலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் சில வீடுகள் விடுதிகளாகி நிலைத்திருக்கின்றன. வீடு நின்றால் சரக்கு குறையும் என்று கடைக்காரர் வருந்த வேண்டியதில்லை. அந்த வீடுகளைப் பார்க்க வருகிறவரே கடைக்கும் வருகிறார்.

நம் பரணில் இருப்பது

நம்மில் பலருடைய கடைகளும் தாத்தா காலத்தவை. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறை வந்து, 1960-களின் தொடக்கத்தில் கட்டாயமானபோது பலம், சேர், வீசைக் கற்கள் மூலைக்குப் போயின. நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு என்று வாய்ப்பாடாகச் சொன்ன காலத்துச் சின்னங்கள் அவை. படி, உழக்கு, பித்தளைத் தராசு, எனாமல் விளம்பரப் பலகை, கல்லாப்பெட்டி எல்லாம் இன்று கேட்டு வாங்கப்படும் பொருள்கள். வியாபாரத்துக்கு அவற்றால் அளக்கக் கூடாதே தவிர, வைத்திருக்கத் தடையில்லை.

பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு முறை விலை விசாரியுங்கள். விற்பதாக இருந்தால் எந்தக் கடையில், யார் காலத்தில் புழங்கியது என்று ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். அந்தச் சீட்டுக்கும் ஒரு விலை உண்டு. விற்க மனமில்லை என்றால் தராசைத் துடைத்துக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டி வையுங்கள். மூன்று தலைமுறையாக அதே இடத்தில் கடை நடக்கிறது என்று வருகிற வாடிக்கையாளருக்கு அது தெரிவிக்கும்.