பத்து நிமிடக் கிழிசல்

ஜவுளிக் கடையில் மீட்டர் துணி கேட்டால், கடைக்காரர் ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு வைப்பார். பிறகு இரு கையாலும் பிடித்து 'சர்'ரென்று கிழித்துவிடுவார். 2004 டிசம்பர் 26, இந்திய நேரம் காலை 6.29க்கு சுமத்ராவுக்கு மேற்கே வந்த நிலநடுக்கத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். செய்தித்தாள்களில் சிவப்புப் புள்ளியாகப் போட்டார்களே, அது கத்தரி பட்ட இடம். சிமியுலுவே தீவருகே பட்ட அந்த வெட்டிலிருந்து வடக்கே, நொடிக்குச் சுமார் இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில், நிக்கோபாரைத் தாண்டி அந்தமான் வரை ஓடியது கிழிசல். நீளம் சுமார் 1,300 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் தொடங்கினால் ஹைதராபாத்தைத் தாண்டிவிடும். ஓடி முடிக்கப் பத்து நிமிடம் போல ஆயிற்று.

அங்கே புவியோட்டின் இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டராகப் பக்கத்துத் தட்டின் அடியில் நுழைகிறது. சும்மா வழுக்கிக்கொண்டு போனால் தொல்லையில்லை. இரண்டும் கவ்விக்கொள்வதால், மேல்தட்டின் விளிம்பும் கூடவே இழுபட்டு வில்லாக வளைகிறது. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த வளைவு, பிடி விட்டதும் நிமிர்கிறது. சில இடங்களில் தட்டுகள் 15 மீட்டருக்கு மேல் நழுவின. விளிம்பு எழுந்தது, பின்பக்கம் தாழ்ந்தது. சிமியுலுவே கரையில் பவளப்பாறை கடலைவிட்டு வெளியே வந்து வெயிலில் காய்ந்தது. கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனையிலோ நிலம் 4 மீட்டருக்கு மேல் இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்துகொண்டது.

கடலடி இப்படி எழுந்து தாழ்ந்ததில் சுனாமி கிளம்பியது. கிழிசல் தெற்கு வடக்காக நீண்டதால் அந்த அலையின் முழு பலமும் கிழக்கிலும் மேற்கிலும் பாய்ந்தது. மேற்கே நேர் எதிரில் இலங்கையும் நாகப்பட்டினமும். வடக்கே வங்கதேசம் பெரும்பாலும் தப்பியது. புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கு புரியவே புரியாது.

ஹவாயின் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் நிலநடுக்கத்தின் அளவை முதலில் 8.0 என்றது. பிறகுதான் அளவு 9ஐத் தாண்டியது. நீளத்தைக் காட்டிக்கொடுத்ததில் பின்னதிர்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. கிழிந்த வழியெங்கும் நூல் பிரிவதுபோல அவை வெடித்தன. அன்று காலை 9.51க்கு நிக்கோபார் பக்கம் வந்தது மட்டுமே 7க்கு மேல். வேறொரு நாளாக இருந்தால் அதுவே தலைப்புச் செய்தி. இவை அடங்குவதிலும் ஒரு ஒழுங்கு இருப்பதை ஜப்பானிய நிலநடுக்கவியலாளர் ஓமோரி 1894லேயே கண்டார்: முதல் நாள் நூறு என்றால் பத்தாம் நாள் பத்து போல.

வெட்டுக்குத் தெற்கே, நியாஸ் தீவுப் பக்கம், துணி கிழியாமல் நின்றிருந்தது. வடக்கே கிழிந்தது அதன்மேல் இழுவையைக் கூட்டிவிட்டிருந்தது. 2005 மார்ச் 28, அந்த ஊர் நேரப்படி நள்ளிரவுக்குச் சற்று முன், 8.6 அளவில் அதுவும் கிழிந்தது.