கருவி ஆசைக்கும் ஒரு கணக்கு வேணும்

உரக்கடைக்குப் போவதை நிறுத்தினால் செலவு குறையும் என்றுதான் நம்மில் பலர் இயற்கை வேளாண்மைக்கு வந்தோம். யூரியா, பூச்சிக்கொல்லிச் செலவு குறைந்தது உண்மைதான். ஆனால் மிச்சமான காசு இப்போது வேறு வாசல் வழியாக வெளியே போவதைப் பார்க்கிறேன். களை வெட்டும் இயந்திரம், பேட்டரி தெளிப்பான், மண் ஈரம் காட்டும் மீட்டர், விதை ஊன்றும் கருவி என்று கொட்டகை நிறைகிறது. செல்போனில் ஒரு வீடியோ, கண்காட்சியில் ஒரு செயல்விளக்கம், 'நமக்கும் ஒண்ணு இருந்தா நல்லாயிருக்குமே' என்ற நினைப்பு. அவ்வளவுதான், வாங்கியாச்சு.

கருவியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. களையெடுக்க ஆள் கிடைக்காத கஷ்டம் நம் எல்லோருக்கும் தெரியும். வேலைக்காக வாங்குவது வேறு, ஆசைக்காகச் சேர்ப்பது வேறு. ரசாயனத்திலிருந்து மாறும் முதல் இரண்டு மூன்று வருடம் மகசூல் குறையக்கூடும். அந்தச் சமயத்தில் கையில் காசு இருக்கணும். அதைக் கருவியில் முடக்கிவிட்டால், நடவுக்கூலிக்கு நகையை அடகு வைக்க வேண்டிவரும். புதிதாக வருகிற இளைஞர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

ஒரு நாள் செலவு எவ்வளவு?

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். களை வெட்டும் இயந்திரம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடம் உழைத்தால் வருடத்துக்கு 3,000. பிளேடு, பழுது என்று 1,500. மொத்தம் 4,500. வருடத்தில் ஆறு நாள்தான் வேலை என்றால், பெட்ரோல் போக ஒரு நாளைக்கு 750 ரூபாய் விழுகிறது. அதே இயந்திரம் உங்கள் ஊரில் 400 ரூபாய்க்கு வாடகைக்குக் கிடைத்தால், வருடத்தில் 12 நாளாவது ஓடினால்தான் சொந்தமாக வாங்குவது கட்டும். உங்கள் பகுதி விலையையும் வாடகையையும் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

மானியத்திலும் கவனம் வேணும். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று தேவையில்லாததை வாங்கினால், மீதிப் பாதி நம் கைக்காசுதான். நமக்கு வேண்டிய கருவிக்கு மானியம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மானியம் இருக்கிறதே என்பதற்காகக் கருவியைத் தேடக் கூடாது.

முறை முதலில், கருவி பிறகு

கோனோவீடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை நாற்று நடவில் 25 செ.மீ. இடைவெளி விட்டு, வரிசை பிடித்து நட்டால் அருமையாக ஓடும். வழக்கம்போல் கலைத்து நட்ட வயலில் அதைத் தள்ளவே முடியாது. நடவு முறையை மாற்றாமல் கருவியை வாங்கினால் அது சுவரில் சாய்ந்துதான் நிற்கும்.

சில வேலைக்குக் கையே போதும். அரை அடி ஆழத்து மண்ணை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டை பிடித்தால் ஈரம் இருக்கு. பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் காட்டணும். மணல் பாங்கான நிலத்தில் உருண்டை சீக்கிரம் உடையும். களிமண்ணில் காய்ந்த பிறகும் கட்டியாக நிற்கும். உங்கள் மண் உங்கள் கைக்கு ஒரு போகத்திலேயே பழகிவிடும். கார அமிலத் தன்மை தெரிய வேண்டுமானால், மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்ப்பது மலிவு மீட்டரை விட நம்பகமானது.

இருப்பதைக் காப்பாற்றுங்கள்

புதுசு வாங்கத் தூண்டுவது பெரும்பாலும் பழசு கெட்டுப்போவதுதான். பஞ்சகவ்யத்தைத் துணியில் நன்றாக வடிகட்டாமல் ஊற்றினால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும். தெளித்து முடித்ததும் நல்ல தண்ணீர் ஊற்றி ஓட்டிக் கழுவுங்கள். ஈய அமில பேட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் போட்டு வைத்தால் செத்துப்போகும். வேலை இல்லாத காலத்திலும் மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றணும். பெட்ரோல் இயந்திரத்தை நீண்டநாள் வைப்பதாக இருந்தால், டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட்டிவிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும்.

நான் கடைப்பிடிப்பது

வாங்க ஆசைப்படும் கருவியின் பெயரைத் தேதியோடு நோட்டில் எழுதி வைக்கிறேன். ஒரு போகம் முடியும்வரை வாங்குவதில்லை. அதற்குள் எத்தனை நாள் அது உண்மையாகவே தேவைப்பட்டது என்று பக்கத்திலேயே குறிக்கிறேன். பாதிக்கு மேல் பெயர்கள் தானாகவே அடிபட்டுப் போகின்றன. தேறியதை முதலில் இரவல் வாங்கியோ, வேளாண் பொறியியல் துறையிலோ தனியாரிடமோ வாடகைக்கு எடுத்தோ நம் வயலில் ஓட்டிப் பார்க்கலாம்.

இன்னொரு வழி, நாலைந்து உழவர்கள் சேர்ந்து வாங்குவது. யார் வீட்டில் இருக்கும், பழுதுச் செலவு யாருடையது, விதைப்பு நேரத்தில் யாருக்கு முதல் முறை என்பதை வாங்கும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பேசாமல் வாங்கினால் கருவிக்கு முன்னால் உறவு பழுதாகிவிடும்.

இந்தப் போகம் முடிந்ததும் உங்கள் கொட்டகையில் உள்ளதை எல்லாம் வெளியே எடுத்து வையுங்கள். ஒரு வருடமாகத் தொடாததைத் தேவைப்படுகிறவருக்குக் கொடுத்துவிடுங்கள், விலைக்கோ வாடகைக்கோ. அந்தக் காசில் அடுத்த போகத்துக்கு விதை வாங்கலாம்.